லூசியானாக் கொள்வனவும் வகுப்பறை நாடகமும்

வரலாறு இறந்தோரைப் பற்றியது; அதனைக் கற்போரோ உயிர்த்துடிப்புள்ள இளைஞர். இவ்விரு திறத்தாரையும் ஒருவர்க்கொருவர் அறிமுகஞ் செய்துவைத்தலே வரலாற்றாசிரியரின் தொழிலாம். ஆண்டுகளையும் அரசர் பெயர்களையும் கரும்பலகையில் வரிசைப்படுத்தி மனனஞ் செய்வித்த அளவில் இவ்வறிமுகம் நிகழ்ந்துவிடுவதில்லை என்பதை வகுப்பறை அனுபவமுடையோர் எவரும் மறுக்கார். இக்குறையை நீக்கும்பொருட்டு மேனாட்டுக் கல்வியாளர் கண்ட வழிகளுள் ஒன்று, மாணவரையே வரலாற்று மாந்தராக வேடம் புனைவித்து, அம்மாந்தர் வாயாற் பேசவும் வாதிடவும் முடிவு செய்யவும் விடுதலாகும். இம்முறையின் நன்மை தீமைகளை ஓர் எடுத்துக்காட்டின் வழியாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். 1803ஆம் ஆண்டிலே பிரான்சிடமிருந்து அமெரிக்க ஐக்கிய நாடுகள் லூசியானாப் பிரதேசத்தை விலைக்கு வாங்கிய வரலாறு, அந்நாட்டுப் பாடசாலைகளில் இவ்வாறு நடித்துக் கற்பிக்கப்படுவதுண்டு. அதனையே ஈண்டு எடுத்துக்கொள்வாம்.

நடித்துக் கற்றல் நேற்றுத் தோன்றிய புதுமையன்று. கேம்பிரிட்ஜ் நகரத்துப் பேர்ஸ் பாடசாலையில் ஆங்கிலங் கற்பித்த கால்டுவெல் குக் என்பார், விளையாட்டே இளைஞர்க்கு இயல்பான கல்விநெறி என்று 1917இல் வெளிவந்த தமது நூலில் வாதிட்டார். 1990களின் பிற்பகுதியில் நியூயோர்க்கிலுள்ள பார்னாட் கல்லூரிப் பேராசிரியர் மார்க் கார்ன்ஸ், மூலநூல்களைக் கற்று வந்த மாணவர் வரலாற்று மாந்தராக நின்று பல கிழமைகள் தொடர்ந்து வாதிடும் ஒரு பாடமுறையை வகுத்தார். ஆதலின் இம்முறையைச் சிறுவர் பொழுதுபோக்கென ஒதுக்குதல் பொருந்தாது. அது அறிஞர் ஆதரவு பெற்றதொரு முறை. அதனை மதிப்பிடுமிடத்து, அது மாணவனுக்கு எதைக் காட்டுகின்றது, எதை மறைக்கின்றது என்னும் இரு வினாக்களை எழுப்புதல் தகும்.

முதற்கண், நடிக்கப்படும் நிகழ்ச்சியை அறிந்துகொள்வோம். மிசிசிப்பி ஆற்றின் மேற்கே பரந்து கிடந்த லூசியானாவை 1762ஆம் ஆண்டு உடன்படிக்கையினாற் பிரான்சு ஸ்பெயினுக்குக் கொடுத்தது. ஒகாயோப் பள்ளத்தாக்கில் விளைந்த மாவும் புகையிலையும், அங்கு பதனிட்ட பன்றி இறைச்சியும் அவ்வாற்றின் வழியே மிதந்துவந்து நியூ ஓர்லியன்ஸ் துறையிற் கடற்கப்பல்களுக்கு மாற்றப்படவேண்டியிருந்தன. அவ்வாறு இறக்கி வைத்து ஏற்றும் உரிமையை 1795இல் ஸ்பெயின் அமெரிக்கர்க்கு வழங்கிற்று. 1800ஆம் ஆண்டு ஒக்டோபரில் மறைவாகச் செய்யப்பட்ட சான் இல்டிபொன்சோ உடன்படிக்கையால் லூசியானா மீண்டும் பிரான்சிற்கு உரியதாயிற்று. வலிமை குன்றிய ஸ்பெயின் இருந்தவிடத்தில் வலிமைமிக்க நெப்போலியன் வந்து அமரப்போகின்றான் என்னுஞ் செய்தி குடியரசுத் தலைவர் ஜெபர்சனைக் கலங்கச் செய்தது. நியூ ஓர்லியன்ஸைக் கைக்கொண்டிருப்பவர் எவராயினும் அவர் அமெரிக்காவுக்கு இயல்பாகவே பகைவராவர் என்ற கருத்தை 1802 ஏப்பிரிலிற் பாரிசிலிருந்த தமது தூதர் றொபேட் லிவிங்ஸ்ரனுக்கு அவர் எழுதினார். அவ்வாண்டு ஒக்டோபரில் நியூ ஓர்லியன்சிலிருந்த ஸ்பானிய அதிகாரி துறைமுக உரிமையை நிறுத்திவிட, மேற்குப் பகுதி உழவரிடையே போர்க்குரல் எழுந்தது. 1803 சனவரியில் ஜேம்ஸ் மொன்றோ சிறப்புத் தூதராக நியமனம் பெற்றார்.

இத்தூதர்கள் வாங்கச் சென்றது நியூ ஓர்லியன்ஸ் நகரத்தையும் புளோரிடாப் பகுதிகளையுமே. ஆயின் 1803 ஏப்பிரில் 11ஆம் நாள், பிரெஞ்சு வெளிவிவகார அமைச்சர் தலெய்ரான், லூசியானா முழுவதற்கும் என்ன விலை தருவீர் என்று லிவிங்ஸ்ரனை வினவினார். மொன்றோ பாரிஸ் வந்தடைந்தது அதற்கு மறுநாள். பின்னர்ப் பிரெஞ்சுத் திறைசேரி அமைச்சர் பார்பே மார்புவாவுடன் பேரம் நடந்து, ஏப்பிரில் 30ஆந் திகதியிட்ட உடன்படிக்கை பிறந்தது. 6 கோடி பிராங்கு விலையாகவும், அமெரிக்கப் பிரசைகளுக்குப் பிரான்சு கொடுக்கவேண்டியிருந்த கடனுக்காக 2 கோடி பிராங்கும் என ஒத்துக்கொள்ளப்பட்டது. அஃதாவது மொத்தம் ஒன்றரைக் கோடி டொலர். பரப்போ ஏறத்தாழ 828,000 சதுர மைல். நம் இலங்கையைப் போல 32 மடங்கிற்கு மேல். ஏக்கர் ஒன்றுக்கு 3 சதமும் ஆகவில்லை.

இந்நிகழ்ச்சி நாடகத்திற்கு வாய்ப்பானது என்பதை மறுப்பதற்கில்லை. ஒரு மேசை, அதன் ஒருபுறம் விற்போர், மறுபுறம் வாங்குவோர், காலமோ நெருங்கி நிற்கின்றது, தொகையோ பெரிது. வகுப்பிலே ஒருவன் ஜெபர்சனாகவும், ஒருவன் நெப்போலியனாகவும், ஏனையோர் லிவிங்ஸ்ரன், மொன்றோ, தலெய்ரான், மார்புவா ஆகவும் நின்று பேரம் பேசலாம். இன்னுஞ் சிலர் அமெரிக்க மேற்சபையிலே இவ்வுடன்படிக்கையை எதிர்த்த கூட்டாட்சிக் கட்சியினராக எழுந்து வாதிடலாம். அச்சபை 1803 ஒக்டோபர் 20ஆம் நாள் 24 வாக்குகளுக்கு 7 என்ற கணக்கில் உடன்படிக்கையை ஏற்றமையின், வாக்கெடுப்பொன்றுடன் நாடகத்தை முடிக்கவும் வழியுண்டு.

இவ்வாறு நடிப்பதனால் மாணவன் பெறும் பெரும்பயன் ஒன்றுளது. பாடநூலிலே வரலாறு முடிந்த காரியமாகத் தோன்றுகின்றது. நடந்தது நடந்தே தீரவேண்டியிருந்தது என்ற மயக்கத்தை அச்செழுத்து உண்டாக்குகின்றது. லிவிங்ஸ்ரனாக நிற்கும் மாணவனுக்கோ அம்மயக்கம் கலைகின்றது. அவனுக்குக் கிடைத்த ஆணை ஒரு நகரத்தை வாங்குவதற்கு. அவன் முன் வைக்கப்பட்டதோ ஒரு கண்டத்தின் நடுப்பகுதி. தலைவரைக் கேட்டு வரலாமெனின், அத்திலாந்திக் கடலைக் கடந்து கடிதம் போய் விடை வர மாதங்கள் கழியும். அதற்குள் நெப்போலியன் மனம் மாறலாம். இங்கிலாந்துடன் போர் மூளலாம். ஆணையை மீறுவதா, அரிய வாய்ப்பை விடுவதா? இவ்வினாவைத் தன் வினாவாக ஏற்று ஐந்து நிமிடம் இடர்ப்பட்ட மாணவன், பத்துப் பக்கம் வாசித்தும் பெறாத அறிவைப் பெறுவான். அவ்வாறே ஜெபர்சனாக நிற்பவனும், அரசியலமைப்பில் எழுதப்படாத அதிகாரத்தை அரசு கையாளலாகாது என்று வாழ்நாளெல்லாம் வாதிட்ட ஒருவர், நிலம் வாங்கும் அதிகாரம் அதில் எழுதப்படாதிருந்தும் எவ்வாறு வாங்கினார் என்பதனை உணர்வான். ஜெபர்சன் 1803 கோடையில் அரசியலமைப்புத் திருத்தம் எழுதிப் பார்த்துப் பின் கைவிட்டமை அப்பொழுது அவனுக்கு வெறுஞ் செய்தியாயிராது. ஒரு மனிதரின் மனப்போராட்டமாகத் தோன்றும்.

வரலாற்றறிவென்பது கடந்தகால மாந்தரின் சிந்தனையை வரலாற்றாசிரியர் தம் மனத்தகத்தே மீள நிகழ்த்திப் பார்த்தலே என்று கொலிங்வுட் கூறியதை இங்கு நினைவு கூரலாம். 1946இல், அவர் மறைந்தபின் வெளிவந்த ‘வரலாற்றுக் கருத்து’ என்னும் நூலிலே இக்கொள்கை விரிவாகப் பேசப்படுகின்றது. நடிப்பு முறையை ஆதரிப்போர்க்கு இஃதொரு சிறந்த அரண்போலத் தோன்றும். ஆனால் கொலிங்வுட் மீள நிகழ்த்தச் சொன்னது சிந்தனையை. அதுவும் சான்றுகளை ஆதாரமாகக் கொண்டு. தொப்பியையும் மேலங்கியையும் அவர் கருதினாரில்லை. இவ்வேறுபாடு மறக்கப்படும்பொழுதே வகுப்பறை நாடகம் வழுவத் தொடங்குகின்றது. அவ்வழுக்கள் மூன்று என்பது எம் கருத்து.

முதலாவது வழு, வரலாற்றின் காரணங்கள் யாவும் மேசையைச் சுற்றி நிற்கும் மனிதரின் மனத்தினுள்ளே அடங்கிவிடுதல். நெப்போலியன் ஏன் விற்றான் என்று நாடகம் பார்த்த மாணவனைக் கேட்டால், பணம் தேவைப்பட்டது என்பான். லிவிங்ஸ்ரன் திறமையாகப் பேசினார் என்பான். இவை பொய்யல்ல, ஆயினும் முழுமையுமல்ல. நெப்போலியனின் மேற்றிசைக் கனவுக்கு நடுத்தூணாயிருந்தது சான் டொமாங் என்ற சீனித் தீவுக் குடியேற்றம். லூசியானா அதற்கு உணவளிக்கும் களஞ்சியமாகக் கருதப்பட்டது. அத்தீவின் அடிமைகள் 1791இல் கிளர்ந்தெழுந்து விடுதலை பெற்றிருந்தனர். அவர்களை அடக்கச் சென்ற லெக்கிளார்க் படை, தூசான் லூவெர்த்தூர் முதலானோர் வளர்த்த மக்களின் எதிர்ப்பினாலும் மஞ்சட் காய்ச்சலினாலும் சிதைந்தது. 1802 நவம்பரில் லெக்கிளார்க்கே அந்நோயால் இறந்தான். லூசியானாவுக்கெனத் திரட்டப்பட்ட மற்றொரு படை, அவ்வாண்டுக் குளிர்காலத்தில் ஒல்லாந்துத் துறைமுகத்தில் உறைபனியாற் கட்டுண்டு கிடந்தது. களஞ்சியத்தால் ஊட்டப்படவேண்டிய தீவே கைநழுவியபின் களஞ்சியம் எதற்கு?

மஞ்சட் காய்ச்சலைப் பரப்பிய நுளம்புக்கும், கப்பல்களைப் பிணித்த பனிக்கட்டிக்கும் வேடம் புனைய இயலாது. ஆகவே அவை கதையிலிருந்து நழுவிவிடுகின்றன. தூசானுக்கோ வேடம் புனையலாம். ஆயினும் அவர் பாரிஸ் மேசையில் இருந்தவரல்லர் என்ற காரணத்தால் பெரும்பாலும் விடப்படுகின்றார். அவர் அப்பொழுது எங்கிருந்தார்? சூழ்ச்சியாற் சிறைப்பிடிக்கப்பட்டு, பிரான்சின் யூறா மலையிலுள்ள யூ கோட்டையிற் குளிரில் வாடிக் கிடந்து, 1803 ஏப்பிரில் 7ஆம் நாள் உயிர் நீத்தார். தலெய்ரான் விலை கேட்டது அதற்கு நான்காம் நாள். இவ்விரு திகதிகளையும் அருகருகே கரும்பலகையில் எழுதினாலே போதும். ஒரு முழு நாடகம் சொல்லாததை அவை சொல்லிவிடும்.

இரண்டாவது வழு, சான்றின் தரம் மறைந்துவிடுதல். நாடகத்தில் நெப்போலியன் பேசும் வீரவசனங்கள், லூசியானாவைத் துறப்பதற்கு அவன் கூறிய காரணங்கள், பெரும்பாலும் மார்புவா எழுதிய நூலிலிருந்து வருவன. அந்நூல் வெளிவந்தது 1829இல். நிகழ்ச்சி நடந்து இருபத்தாறு ஆண்டுகள் கழிந்தபின், நெப்போலியனும் மாண்டபின், முதுமையடைந்த ஓர் அமைச்சர் நினைவிலிருந்து தீட்டிய சொற்கள் அவை. நெப்போலியன் குளியற்றொட்டியிற் கிடந்தவாறே இவ்விற்பனையை எதிர்த்த தம்பி லூசியனோடும் தமையன் ஜோசெப்போடும் சண்டையிட்டு நீரை வாரி இறைத்தான் என்ற சுவையான கதையும் லூசியனின் நினைவுக் குறிப்புகளிலிருந்தே வருகின்றது. இவற்றை உபயோகித்தல் கூடாதென்பது எம் கருத்தன்று. ஆயின் மேடையேறிய மாத்திரத்தே, 1803இல் எழுதப்பட்ட கடிதமும், 1829இல் அச்சேறிய நினைவும், மாணவன் முந்திய நாள் இரவு புனைந்த வசனமும் ஒரே குரலில் ஒலிக்கின்றன. கேட்போர்க்கு வேற்றுமை தெரிவதில்லை. சான்றுகளைத் தரம் பிரித்தல் வரலாற்றுக் கல்வியின் உயிர்நிலையாயின், அதனையே நாடகம் மழுங்கச் செய்கின்றது.

இதனோடு சிரிப்பும் சேர்ந்துகொள்கின்றது. லிவிங்ஸ்ரன் செவிப்புலன் குன்றியவர். இச்செய்தியை அறிந்த மாணவன் காதிற் கைவைத்து ‘என்ன, என்ன’ என்று கேட்பான், சபை சிரிக்கும். நெப்போலியனாக வருபவன் அங்கியினுட் கையைச் செருகி நிற்பான். மீண்டும் சிரிப்பு எழும். ஓராண்டு சென்று கேட்டுப் பார்த்தால், நினைவில் எஞ்சியிருப்பது காதும் கையுமேயாம், உடன்படிக்கை மறைந்திருக்கும்.

மூன்றாவது வழுவே யாவற்றினும் பெரிது. மேசையில் யார் யாருக்கு இடம் என்று ஆசிரியர் வகுக்கும் பாத்திரப் பட்டியல்தானே ஒரு வரலாற்றுத் தீர்ப்பாகிவிடுகின்றது. ‘நிலம் விற்கப்பட்டது’ என்று கூறி, விற்றவனுக்கும் வாங்கியவனுக்கும் மட்டும் வேடங் கொடுத்தால், நிலம் அவ்விருவருக்கிடையேயான பொருள் என்பது விவாதமின்றியே நிலைநாட்டப்பட்டுவிடும். மாணவர் எத்துணை வன்மையாக வாதிடினும், அம்முற்கோளை மட்டும் அவர் தொடார். அது வசனத்தில் இல்லை. இருக்கைகளின் ஒழுங்கில் உள்ளது.

உண்மையில் 1803இல் விற்கப்பட்டது யாது? அப்பிரதேசத்தின் மிகப் பெரும்பகுதியில் பிரெஞ்சுக்காரரோ ஸ்பானியரோ கால் வைத்ததில்லை. ஓசேஜ், லக்கோட்டா, மாண்டன், கடோ, போனி முதலிய பல குடிகள் அங்கே வாழ்ந்தனர், வேட்டையாடினர், பயிரிட்டனர், தம்முட் போரும் உடன்படிக்கையும் செய்தனர். நெப்போலியன் அவர்களிடம் வாங்கியிராத நிலத்தை எவ்வாறு விற்றான்? அமெரிக்க உயர் நீதிமன்றம் 1823இல் ஜோன்சன் எதிர் மக்கின்றொஸ் என்னும் வழக்கிற் கூறிய தீர்ப்பு இதற்கு விடையாகின்றது. ஐரோப்பிய அரசொன்று ‘கண்டுபிடித்த’ நிலத்தில், அங்கு வாழும் குடிகளுக்கு இருப்புரிமை உண்டு. ஆயின் அதனை அவரிடமிருந்து பெற்றுக்கொள்ளும் தனியுரிமை அவ்வரசுக்கே உரியது என்பது அதன் சாரம். இக்கணக்கின்படி, ஒன்றரைக் கோடி டொலர் கொடுத்து அமெரிக்கா வாங்கியது நிலத்தையன்று. பிற வல்லரசுகளைப் புறந்தள்ளி அந்நிலத்தைப் பெறும் உரிமையை மட்டுமே. நிலத்தைப் பெறுவதற்கு அதன்பின் ஒவ்வொரு குடியுடனும் தனித்தனி உடன்படிக்கைகள் செய்யப்பட்டன. சில இணக்கத்தால், பல நெருக்குதலால், சில போரினால். 1808இல் ஓசேஜ் குடியினர் இன்றைய மிசூரி, ஆர்க்கன்சா மாநிலங்களிற் பெருநிலத்தைக் கைவிட்டமை அவற்றுள் ஒன்று. ஆகவே ஏக்கர் ஒன்றுக்கு மூன்று சதம் என்று பாடநூல்கள் வியந்து கூறும் கணக்கு, முழுக்கணக்கின் முதல் வரியேயாம்.

அக்குடிகள் மேசையில் இருக்கவில்லையே, வரலாற்றில் இல்லாத இடத்தை நாடகத்தில் எவ்வாறு கொடுப்பது என்று ஒருவர் வினவலாம். நியாயமான வினாவே. ஆனால் உடன்படிக்கையைத் திறந்து பார்த்தால் அதன் ஆறாம் உறுப்புரையில் அவர்கள் இருக்கின்றனர். ஸ்பெயினுக்கும் அக்குடிகளுக்கும் இடையே ஏற்பட்டிருந்த உடன்படிக்கைகளை, இரு சாராரும் மனமொத்து வேறு ஏற்பாடு செய்யும்வரை அமெரிக்கா நிறைவேற்றும் என்பது அதன் வாக்குறுதி. ஒருவர் இல்லாதவிடத்து அவர்க்களித்த வாக்குறுதி அது. 1804 யூலையில் ஓசேஜ் தலைவர்கள் வாஷிங்ரன் நகருக்கு வந்தபொழுது, பிரெஞ்சுக்காரரும் ஸ்பானியரும் இருந்தவிடத்தில் இனித் தாமே அயலவரும் நண்பரும் தந்தையருமாக நிற்பதாக ஜெபர்சன் அவர்களுக்குரைத்தார். விற்பனை முடிந்து ஓராண்டுக்குமேற் சென்றபின் கிடைத்த செய்தி! நாடகத்திற்கு இதனினும் வலிய காட்சி வேண்டுமோ?

அடிமைப்பட்டிருந்தோர் நிலையும் இத்தகையதே. உடன்படிக்கையின் மூன்றாம் உறுப்புரை, அந்நிலத்து மக்களின் சுதந்திரம், சொத்து, சமயம் ஆகியவற்றைக் காப்பதாக உறுதி கூறுகின்றது. நியூ ஓர்லியன்ஸ் சுற்றுப்புறத்துத் தோட்டக்காரர்க்கு ‘சொத்து’ என்பதில் மனிதரும் அடங்குவர். ஒருவரின் சொத்துரிமை மற்றவரின் சிறையாக, இரண்டும் ஒரே வாக்கியத்திற் குடியிருக்கின்றன. வெளிநாட்டு அடிமை இறக்குமதி தடுக்கப்பட்டதை எதிர்த்து அத்தோட்டக்காரர் 1804இல் அமெரிக்கப் பேரவைக்கு முறையீடு செய்தனர். அவ்வாண்டுத் தொடக்கத்திலேயே, ஸ்பானியர் காலத்திற் படைப்பிரிவாகப் பணிபுரிந்த சுதந்திரக் கறுப்பினத்தார், தம் பணியையும் உரிமையையும் நினைவூட்டி ஆளுநர் கிளைபோணுக்கு விண்ணப்பித்தனர். 1811 சனவரியில் நியூ ஓர்லியன்ஸின் மேற்புறத்து ஆற்றங்கரைத் தோட்டங்களில் அடிமைகள் கிளர்ந்தெழுந்து நகரை நோக்கி நடந்தனர். இவையாவும் லூசியானாக் கொள்வனவின் வரலாறே.

ஈண்டு ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. விடுபட்டோர்க்கும் இடம் வேண்டும் என்ற நன்னோக்கினால், அடிமைச் சந்தையையும் சவுக்கடியையும் வகுப்பில் நடித்துக் காட்ட முனைந்த ஆசிரியர்கள் அமெரிக்காவில் உண்டு; அவை கண்டனத்துக்குள்ளாயின. அக்கண்டனம் தக்கதே. பிறர் பட்ட துன்பத்தை விளையாட்டாக நடிக்கச் செய்தல், நடிப்பவனையும் பார்ப்பவனையும் இழிவுபடுத்தும். துன்பத்தைப் பற்றி எதனையும் கற்பியாது. ஒருவரது சிந்தனைக்குச் சான்றிருக்கும் இடத்தில் மாத்திரமே பாத்திரமேற்றல் பொருந்தும். விண்ணப்பம் எழுதியவர்க்கு விண்ணப்பம் உண்டு. அதனை வாசித்து, அவர் எதனைக் கேட்டார், எதனைக் கேளாது விட்டார், ஏன் விட்டார் என்று வாதிடலாம். சான்று மௌனமாயிருக்கும் இடத்தில் நாமும் மௌனமாயிருத்தலே மரியாதை.

அங்ஙனமாயின் இம்முறையைக் கைவிடுவதா? கைவிடல் வேண்டா, திருத்திக் கொள்ளலாம். இதற்கு நம் கூத்து மரபே ஒரு வழியைக் காட்டுகின்றது. கூத்திலே கட்டியகாரன் என்றொரு பாத்திரம் உண்டு. அவன் களரியில் நின்றும் கதைக்குள் முற்றாக அகப்படாதவன். வருபவர் யாரென்று சபைக்கு அறிவிப்பவன். லூசியானா நாடகத்திலும் ஒரு மாணவனைக் கட்டியகாரனாக நிறுத்துக. நெப்போலியன் பேசி முடித்தவுடன், ‘இச்சொற்கள் இருபத்தாறு ஆண்டுகள் கழிந்து எழுதப்பட்டவை’ என்று அவன் சபைக்குக் கூறட்டும். தலெய்ரான் விலை கேட்டவுடன், ‘நான்கு நாளுக்கு முன் யூ கோட்டையில் ஒருவர் மாண்டார்’ என்று அறிவிக்கட்டும். நுளம்பையும் பனிக்கட்டியையும் அவனே கதைக்குள் கொண்டுவரட்டும். நடிப்பவர் அறியாததை அறிந்தவனாக ஒருவன் நின்றால், நாடகத்தின் உயிர்ப்பும் குன்றாது. வரலாற்றின் நேர்மையும் கெடாது.

அடுத்து, பாரிஸ் மேசையில் ஒரு வெற்றிருக்கையைப் பெயரெழுதி வைக்குக. உடன்படிக்கையில் ஒப்பமிடுமுன், ஆறாம் உறுப்புரையை அவ்விருக்கையை நோக்கி உரக்க வாசிக்கச் செய்க. எவரும் விடை கூறார். அம்மௌனமே பாடம். இறுதியாக, வேடங் கலைந்த மறுநாள், ஒவ்வொரு மாணவனும் தன் சொந்தப் பெயரில் ஒரு பக்கம் எழுதுக: தான் ஏற்ற மாந்தர் எதனை அறிந்திருந்தார், எதனை அறியவில்லை, எதனை அறிந்தும் அறியாதார்போல் இருந்தார் என்று. பாத்திரத்துள் புகுதல் கல்வியின் ஒரு பாதி. அதனின்று வெளிவந்து தீர்ப்பளித்தல் மற்றப் பாதி. முதற் பாதியோடு மணி அடித்துவிடுமாயின், மாணவன் நடிகனாகலாம், வரலாறு கற்றவனாகான்.

இத்துணை விரிவுக்குப் பாடவேளை போதாதென்றும், பரீட்சை நெருங்குகின்றதென்றும் ஆசிரியர் பலர் கூறுவர். அவர் இடர்ப்பாடு நாம் அறியாததன்று. எனினும் நேரம் குறைவாயின் காட்சிகளைக் குறைக்கலாம், இருக்கைகளைக் குறைத்தலாகாது. வெற்றிருக்கைக்கு ஒத்திகையும் வேண்டியதில்லை.

வட அமெரிக்க நிலமொன்றின் விற்பனை நமக்கு எவ்வாற்றான் உறவாகும் எனக் கேட்பார்க்கு ஒன்று கூறி அமைவோம். லெக்கிளார்க்கின் கப்பல்கள் தடையின்றிச் சான் டொமாங் செல்வதற்குக் கடலைத் திறந்துவிட்டது, இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே உருவான சமாதானம். 1802 மார்ச்சில் ஆமியன் நகரில் அது உடன்படிக்கையாக முடிந்தது. அது முறியப்போகின்றது என்ற எண்ணமே, ஓராண்டின் பின் லூசியானாவை விற்கும்படி நெப்போலியனைத் தூண்டிய காரணங்களுள் ஒன்று. அதே ஆமியன் உடன்படிக்கையினாலேதான், ஒல்லாந்தரிடமிருந்து 1796 அளவிற் கைப்பற்றப்பட்ட இலங்கையின் கரையோரப் பகுதிகள் பிரித்தானியர்க்கு உரியனவென உறுதியாயின. யாழ்ப்பாணமும் மன்னாரும் திருகோணமலையும் மட்டக்களப்பும் காலியும் கொழும்பும் அவ்வாறு கைமாறின. ஆமியன் மேசையிலும் நம்மவர்க்கு இருக்கை இடப்படவில்லை. அவ்வுடன்படிக்கையை நம் மாணவர் நடிப்பதாயின், பிரித்தானியர்க்கும் பிரெஞ்சுக்காரர்க்கும் ஒல்லாந்தர்க்கும் மட்டும் வேடங் கொடுத்து முடித்துவிடுவோமா?

பிறர் வரலாற்றில் விடுபட்டோரைக் காணப் பழகாத கண், தன் வரலாற்றிலும் அவரைக் காணாது. நிலத்தை வரைபடமாகக் கண்டவர் விற்றனர். வரைபடமாகக் கண்டவர் வாங்கினர். அதனை ஊராகவும் வயலாகவும் வேட்டைக்காடாகவும் புதைகுழியாகவும் கண்டவரை எவரும் கேட்டிலர். இவ்வுண்மையை மாணவன் உணர உதவுமாயின், வகுப்பறை நாடகம் வாழ்க. உதவாதாயின், தொப்பியும் மேலங்கியும் ஆண்டு விழா மேடைக்கு உரியனவாகட்டும். வரலாற்றுப் பாடவேளைக்கு உடன்படிக்கையின் ஒரு பிரதியே சாலும்.